மானத்தின் வரிசையும் வட்டியின் வரிசையும்

(மிசிசாகாவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் இலக்கியமும் வரலாறும் பேசினார்கள். என்னை அமைப்பாளர்கள் வீட்டுக் கடனைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வரிக் கணக்குப் பார்ப்பது என் தொழில். மார்ச், ஏப்ரல் மாதங்களில் நம்மவர்களின் வரவுசெலவு முழுவதும் என் மேசைக்கு வந்துவிடும். சம்பளச் சீட்டு வரும், வீட்டு வரி ரசீது வரும், வங்கியின் வட்டிக் கணக்கும் வரும். அவற்றோடு, கேட்காமலே, சில உண்மைகளும் வரும். அந்த உண்மைகளில் ஒன்றைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

நம்மவர்கள் கடனைக் கட்டாமல் ஓடுகிறவர்கள் அல்லர். பல்லைக் கடித்துக்கொண்டு, இரண்டு வேலை செய்து, கட்டுகிறார்கள். ஆனால் கட்டுகிற வரிசை பிழை. எந்தக் கடன் பிந்தினால் நாலு பேருக்குத் தெரியவருமோ அதை முதலில் கட்டுகிறோம். எந்தக் கடன் நம்மை அதிகம் தின்கிறதோ அது ஒருவருக்கும் தெரியாமல் கடைசியில் கிடக்கிறது. முன்னதை மானத்தின் வரிசை என்றும், பின்னதை முதலிடத்துக்குக் கொண்டுவரும் முறையை வட்டியின் வரிசை என்றும் சொல்வேன். விலைவாசியும் வரியும் ஏறுகிற காலத்தில், முதலாவது வரிசையில் கட்டிக்கொண்டு ஒரு குடும்பம் கரைசேர முடியாது.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தோம் என்பதை முதலில் பார்ப்போம். 2020 மார்ச்சில் கனடா மத்திய வங்கி தன் வட்டி வீதத்தை 0.25 சதவீதத்துக்கு இறக்கியது. அந்த யூலையில் வங்கியின் ஆளுநர் டிஃப் மக்லெம், வட்டி நீண்ட காலம் தாழ்வாகவே இருக்கும், வீடு வாங்க நினைப்பவர்கள் அதை நம்பலாம் என்ற கருத்தில் பேசினார். மக்கள் நம்பினார்கள். நம்பியதைக் குற்றம் சொல்ல நான் ஆயத்தமில்லை. நாட்டின் மத்திய வங்கி ஆளுநரே சொல்வதை மிசிசாகாவின் மெடோவேலில் வீடு தேடும் ஒரு குடும்பம் எப்படிச் சந்தேகிக்கும்? 2022 பெப்ரவரியில் ரொறன்ரோப் பெரும்பாகத்தில் ஒரு வீட்டின் சராசரி விலை 13 லட்சத்து 30 ஆயிரம் டொலரைத் தாண்டியது. அடுத்த மாதமே, மார்ச் 2ஆம் திகதி, வட்டி ஏறத் தொடங்கியது. யூன் மாதம் பணவீக்கம் 8.1 சதவீதம். 2023 யூலைக்குள் மத்திய வங்கியின் வீதம் 5க்கு வந்துவிட்டது. பிறகு 2024 யூனில் இறங்கத் தொடங்கி, 2025 அக்டோபரில் 2.25இல் வந்து நின்றது.

இறங்கிவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கைப் பார்ப்போம். 2021இல் ஒருவர் 6 லட்சம் டொலரை 25 ஆண்டுத் தவணையில், ஐந்தாண்டுக்கு 1.99 வீத நிலையான வட்டியில் எடுத்தார் என்று வையுங்கள். மாதக் கட்டுப்பணம் சுமார் 2,540 டொலர். ஐந்தாண்டு ஒழுங்காகக் கட்டிய பிறகு மீதி சுமார் 5 லட்சத்து 2 ஆயிரம். 2026இல் அதை 4.5 வீதத்தில், எஞ்சிய இருபது ஆண்டுக்குப் புதுப்பித்தால் மாதம் சுமார் 3,170 டொலர். கடன் ஏறக்குறைய ஒரு லட்சம் குறைந்திருக்கிறது. கட்டுப்பணமோ 630 டொலர் கூடியிருக்கிறது. இந்த நாட்டில் குடியிருக்கும் வீட்டின் வட்டியை வருமான வரியில் கழிக்க முடியாது. ஆகவே, மேலதிகமாக உழைக்கும் ஒவ்வொரு நூறு டொலரிலும் முப்பது டொலர் வரியாகப் போகும் நிலையில் இருப்பவர், இந்த 630ஐ மாதந்தோறும் கட்டுவதற்கு ஆண்டுக்கு 10,800 டொலர் கூடுதலாக உழைக்க வேண்டும். சம்பள உயர்வு இல்லாவிட்டால் அது சனி, ஞாயிறு வேலையாகத்தான் வரும். பியர்சன் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பண்டகசாலைகளில் இரவு இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். அந்த 10,800 டொலர் அங்கே நின்று பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்.

நிலையான வட்டிக்காரர்களுக்கு ஐந்தாண்டு அவகாசமாவது கிடைத்தது. வீட்டின் மேல் கடன் வசதி, அதாவது லைன் ஒஃப் கிரெடிட் எடுத்தவர்களுக்கு அதுவும் இல்லை. வங்கிகளின் அடிப்படை வட்டியான பிரைம் வீதம் 2.45இல் இருந்து 7.20க்குப் போனது. ஒரு லட்சம் டொலருக்கு மாதம் 245 டொலர் வட்டி கட்டியவர், பிரைமுக்கு மேல் அரை வீதம் என்ற ஒப்பந்தத்தில், ஒன்றரை ஆண்டுக்குள் 640 டொலர் கட்டினார். முதல் தொகையில் ஒரு டொலரும் குறையவில்லை. அந்தப் பணத்தை எடுத்து இன்னும் கட்டி முடியாத கொண்டோவுக்கு முற்பணம் போட்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர்.

இனி வரி. இங்கே ஒரு குழப்பத்தை நீக்க விரும்புகிறேன். வீட்டு விலை இறங்கிவிட்டது, வீட்டு வரி மட்டும் ஏன் ஏறுகிறது என்று ஆண்டுதோறும் கேட்கிறார்கள். ஒன்ராறியோவில் வரிக்கான மதிப்பீடு இன்னும் 2016 ஜனவரி 1ஆம் திகதி விலையில்தான் நிற்கிறது. அதற்குப் பிறகு விலை இரண்டு மடங்கானபோதும் அது ஏறவில்லை, விழுந்தபோதும் இறங்கவில்லை. வரி ஏறுவதற்குக் காரணம் செலவு. நம்முடைய பட்டியலில் மூன்று பகுதிகள் உண்டு: மிசிசாகா நகரத்துக்கு, பீல் பிராந்தியத்துக்கு, மாகாணக் கல்விக்கு. பீல் பிராந்தியப் பொலிஸின் செலவு மட்டும் 2025இல் சுமார் 21 சதவீதம் கூடியது. அதுவும் அந்தத் தாளில்தான் வந்து விழுகிறது.

இந்த நகரத்துக்கென்று ஒரு கதை இருக்கிறது. 1978 முதல் 2014 வரை மேயராக இருந்த ஹேசல் மக்கலியன், கடனில்லாத நகரம் என்ற பெயரை மிசிசாகாவுக்கு வாங்கிக் கொடுத்தார். பல ஆண்டுகள் வரியை ஒரு சதமும் உயர்த்தாமல் ஓட்டினார். 2023இல் 101ஆவது வயதில் மறைந்த அவரைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தச் சாதனையின் பின்னால் இருந்தது வயல்வெளி. புதிய குடியிருப்புகள் எழ எழ, கட்டுமான நிறுவனங்கள் செலுத்திய மேம்பாட்டுக் கட்டணம் நகரத்தின் கைக்கு வந்துகொண்டே இருந்தது. வெளி நிரம்பியதும் அந்த வரவு சுருங்கியது. அன்று போட்ட வீதிக்கும் குழாய்க்கும் இன்று பழுதுபார்க்கும் வயது. அவருடைய கடைசிப் பதவிக்காலத்திலேயே நகரம் கடன் வாங்கத் தொடங்கிவிட்டது. ரொறன்ரோ நகரின் இரண்டாவது நிலமாற்று வரி இங்கே இல்லை என்று கணக்குப் பார்த்து இந்தப் பக்கம் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள், அந்தச் சலுகைக் காலத்தின் கடைசிப் பேருந்தில் வந்து இறங்கியவர்கள்.

சம்பளத்தில் பிடிப்பதும் கூடியிருக்கிறது. கனடா ஓய்வூதியத் திட்டத்துக்கு 2018இல் 4.95 வீதம் கட்டினோம், 2023இல் இருந்து 5.95. குறித்த ஓர் எல்லைக்கு மேல் உழைப்பவர்களுக்கு 2024இல் இரண்டாவது அடுக்கும் வந்தது. இதை வரி என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது முதுமையில் நமக்கே திரும்பி வரும் பணம். ஆனால் சொந்தமாக லொறி ஓட்டுகிறவர், துப்புரவுத் தொழில் செய்கிறவர் தொழிலாளியின் பங்கையும் முதலாளியின் பங்கையும் சேர்த்து இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். நியாயமாகச் சொல்வதானால் குறைந்தவையும் உண்டு. எரிபொருள் மீதான கார்பன் கட்டணம் 2025 ஏப்ரல் 1 முதல் நீங்கியது. கூட்டாட்சியின் ஆகக் குறைந்த வருமான வரி வீதம் அந்த ஆண்டு யூலையில் 15இல் இருந்து 14க்கு இறங்கியது. வீட்டுக்கடன் (மோர்ட்கேஜ்) புதுப்பிப்புக்கு முன்னால் இந்த நிவாரணம் சிறிது.

இப்போது மானத்தின் வரிசைக்கு வருகிறேன்.

ஒரு தம்பதி. அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றித்தான் சொல்கிறேன். கணவர் சொந்தமாக லொறி ஓட்டுகிறார், மனைவி உணவுத் தொழிற்சாலையில் இரவு வேலை. கணவர் முதலில் தனியாக வந்தார். ஒரு பலசரக்குக் கடைப் பையை மேசையில் கவிழ்த்தார். வருமானவரித் திணைக்களத்தின் கடிதங்கள், பாதிக்கு மேல் உறை பிரிக்காதவை. "அக்கா, இவவுக்கு இதைச் சொல்லிப்போடாதேங்கோ, பாவம், நித்திரை கொள்ளமாட்டா" என்றார். மனைவியைக் கூட்டி வராமல் நான் இந்தக் கணக்கைத் தொடமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த கிழமை இருவரும் வந்தார்கள்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து ஐந்து கோடு போட்டேன். யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, மாதம் எவ்வளவு. ஐந்தாவது நிரல்: இது யாருக்குத் தெரியும்? வீட்டுக்கடன், நான்கரை வீதம், இருவருக்கும் தெரியும். சீட்டு, வட்டி இல்லை என்றார், ஊருக்கே தெரியும். மச்சானிடம் வாங்கிய கைமாற்று, வட்டியில்லை, மாதம் ஆயிரம், இரண்டு குடும்பத்துக்கும் தெரியும். கிரெடிட் கார்ட்டில் பத்தாயிரம், 19.99 வீதம். ஐந்தாவது நிரலில் கணவர் பேனாவை வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தார். எச்.எஸ்.ரி நிலுவை, அதாவது வாடிக்கையாளரிடம் விற்பனை வரியாக அறவிட்டு அரசுக்குக் கட்டாமல் மோர்ட்கேஜில் போட்ட பணம். அங்கேயும் வெறுமை. மனைவி தாளைத் தன் பக்கம் திருப்பி மேலிருந்து கீழாகப் படித்தார். திட்டவில்லை. "மச்சானுக்கு மாசம் ஆயிரம் குடுத்துக்கொண்டு கார்ட்டுக்கு இருபது வீதம் கட்டுறமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்த உரை.

கிரெடிட் கார்ட்டின் கணக்கை நாம் ஒருபோதும் முழுதாகப் போட்டுப் பார்ப்பதில்லை. பல வங்கிகளில் மாதத்தின் குறைந்தபட்சக் கட்டணம் அந்த மாத வட்டியும் அதற்கு மேல் பத்து டொலரும். பத்தாயிரம் டொலர் கடனுக்கு முதல் மாதம் வட்டி 167, அதோடு பத்து, ஆக 177 டொலர். முதல் தொகையில் குறைவது பத்து டொலர். பத்தாயிரத்தைப் பத்துப் பத்தாகக் குறைத்தால் ஆயிரம் மாதம், அதாவது 83 ஆண்டு. நான் மிகைப்படுத்தவில்லை. குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டாகும் என்பதைப் பட்டியலிலேயே அச்சிட வேண்டும் என்று கனடாவில் சட்டம் இருக்கிறது. உங்கள் பட்டியலை எடுத்துப் பாருங்கள். இதில் நம் கைக்கு எட்டிய வழி ஒன்றும் இருக்கிறது. அடுத்த மாதம் வங்கி 176 கேட்டாலும், அதற்கடுத்த மாதம் இன்னும் குறைவாகக் கேட்டாலும், நீங்கள் அதே 177ஐயே கட்டிக்கொண்டு வாருங்கள். கார்ட்டை மேலும் தேய்க்காவிட்டால் 83 ஆண்டு சுமார் 14 ஆண்டாகிவிடும். 300 டொலர் கட்டினால் நான்கு ஆண்டுக்குச் சற்று மேல். அந்த 177ஓடு மச்சானுக்குக் கொடுக்கும் ஆயிரத்தையும் இந்தப் பக்கம் திருப்பினால் பத்தாவது மாதத்தில் கார்ட் முடிந்துவிடும். வரிக்குப் பிந்திய இருபது வீதத்தை உறுதியாகத் தருகிற முதலீடு எதுவும் இந்த நாட்டில் இல்லை. கார்ட்டைக் கட்டுவது அதைத் தருகிறது.

சீட்டுக்கு வட்டியில்லை என்று அவர் சொன்னாரே, அதையும் பார்ப்போம். சீட்டு நமக்குச் செய்த நன்மையை நான் மறுக்கமாட்டேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்திறங்கியவர்களுக்கு வங்கி கடன் கொடுக்கவில்லை. வெளிநாடு வர ஏஜென்சிக் காசு கட்டியதும், தங்கையைக் கூப்பிட்டதும், முதல் வீட்டுக்கு முற்பணம் போட்டதும் சீட்டுக் காசில்தான். இருபது பேர், மாதம் ஆயிரம், இருபது மாதம். அவசரத்துக்கு ஒருவர் முதல் மாத ஏலத்திலேயே நாலாயிரம் கழிவு விட்டு எடுக்கிறார். கைக்கு வருவது பதினாறாயிரம். அந்த மாதத்துத் தன் ஆயிரத்தைக் கழித்தால் பதினைந்தாயிரம். பிறகு பத்தொன்பது மாதம் ஆயிரம் ஆயிரமாகக் கட்ட வேண்டும். எடுத்தவர் முழுத் தொகை கட்டுவார், கழிவின் பலன் எடுக்காதவர்களுக்கு. இந்தக் கணக்கைத் தீர்த்தால் மாதம் இரண்டரை வீதம், ஆண்டுக்கு முப்பது வீத வட்டி வருகிறது. கிரெடிட் கார்ட்டைவிடப் பத்து வீதம் அதிகம். ஐயாயிரம் கழிவு விட்டால் நாற்பதை நெருங்கும். 2025 ஜனவரி 1 முதல் கனடாவின் குற்றவியல் சட்டம் ஆண்டுக்கு 35 வீதத்துக்கு மேற்பட்ட வட்டியைக் குற்றம் என்கிறது. மோர்ட்கேஜ் கட்ட முடியாமல் 2023இல் ஆழமாகக் கழிவு விட்டுச் சீட்டெடுத்தவர்கள், குறைந்த வட்டிக் கடனைக் காப்பாற்ற முப்பது வீதக் கடன் வாங்கினார்கள்.

ஆகவே சீட்டு சேமிப்பவருக்கு நல்லது, கடைசியில் எடுப்பவருக்கு நல்லது. கடனுக்காக முதலில் எடுப்பவருக்கு அது பெரும்பாலும் தீது. ஆனால் எடுத்துவிட்டால் ஒழுங்காகக் கட்டியே ஆக வேண்டும். சீட்டை நடத்தும் தாச்சியின் வீடு அதில் மாட்டியிருக்கிறது. இங்கே மானத்தின் வரிசை சரியாகவே வேலை செய்கிறது.

வருமானவரித் திணைக்களத்தின் நிலுவையை நம்மவர்கள் வட்டியில்லாத கடன்போல நினைக்கிறார்கள். கதவைத் தட்ட யாரும் வருவதில்லையே! 2024இன் முதல் பாதியில் அந்த நிலுவைக்கு வட்டி 10 வீதம், அதுவும் நாளுக்கு நாள் கூட்டுவட்டி. திணைக்களம் வங்கிக் கணக்கை முடக்கலாம், வேலை கொடுப்பவரிடமே சம்பளத்தைப் பிடிக்கலாம். அதே திணைக்களம் முன்கூட்டியே பேசுகிறவருக்குத் தவணை கொடுக்கும், தண்டத்தைத் தள்ளுபடி செய்ய விண்ணப்பிக்கவும் வழி வைத்திருக்கிறது. உறை பிரிக்காதவருக்கு இரண்டும் இல்லை.

மானத்தின் வரிசை வீடுகளோடு நிற்பதில்லை. 2022 ஜனவரியில் இலங்கை அரசு 50 கோடி அமெரிக்க டொலர் கடன்பத்திரத்தைத் திகதி தவறாமல் திருப்பிக் கட்டியது. கையிருப்பு வற்றிக்கொண்டிருந்தது. கட்ட வேண்டாம், கடன்காரர்களை அழைத்துப் பேசுங்கள், சர்வதேச நாணய நிதியத்திடம் போங்கள் என்று பொருளியலாளர்கள் மன்றாடினார்கள். கடன் தவறாத நாடு என்ற பெயர் கெட்டுவிடும் என்பது பதில். ஏப்ரல் 12ஆம் திகதி, சுதந்திரத்துக்குப் பின் முதன்முறையாக, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அதே அரசு அறிவித்தது. எரிபொருளுக்கும் மருந்துக்கும் சமையல் வாயுவுக்கும் வரிசையில் நின்றவர்கள் நம்முடைய தாய் தகப்பன்மார். அவர்களுக்கு அனுப்பிய காசுதான் இங்கே பலருடைய கார்ட்டில் ஏறியது. அந்த அரசு அந்தப் பேச்சை ஆறு மாதம் முந்தித் தொடங்கியிருக்கலாம். நம் வீடுகளைப் பற்றியும் இதையே சொல்வேன்.

கடனைப் பேசிக் குறைப்பது தமிழர்க்கு ஆகாத வெட்கக்கேடு என்று சிலர் நினைக்கிறார்கள். நம் சட்ட வரலாறு அப்படிச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமாக 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதிய தேசவழமையில் ஒற்றி என்ற முறை இருக்கிறது. கடன் கொடுத்தவர் காணியின் விளைச்சலை வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்வார். முதல் அப்படியே நிற்கும், வளராது. முதலைத் திருப்பிக் கொடுத்தால் காணி திரும்பும். சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அரசு 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. வாங்கிய முதலைப் போல இரு மடங்கு ஏற்கனவே கட்டியிருந்தால் அந்தக் கடன் தீர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது அந்தச் சட்டம். இந்து சட்டத்தின் தாம்துபட் என்ற பழைய விதி அதற்கு அடிப்படை. நிலுவை வட்டி முதலைத் தாண்டக் கூடாது என்பது அந்த விதி. கடன் ஓர் எல்லைக்கு மேல் மனிதனைத் தின்னக் கூடாது என்பதில் நம் முன்னோர்களுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

கனடாவில் அந்த எல்லையைத் திவால் சட்டம் வைக்கிறது. கன்சியூமர் புரப்போசல் என்று வானொலியில் கேட்டிருப்பீர்கள். வீட்டுக்கடன் நீங்கலாக 2 லட்சத்து 50 ஆயிரம் டொலர் வரை கடன் உள்ளவர், அதில் ஒரு பங்கை அதிகபட்சம் ஐந்தாண்டில் கட்டுகிறேன் என்று முன்மொழியலாம். கடன் தொகையில் பெரும்பங்கைக் கொடுத்தவர்கள் ஒத்துக்கொண்டால், ஈடு இல்லாமல் கடன் கொடுத்த எல்லோரையும் அது கட்டுப்படுத்தும். தாக்கல் செய்த அன்றே வட்டியும் வசூல்காரரின் அழைப்பும் நிற்கும். வருமான வரி நிலுவையும் இதில் அடங்கும். நிறைவேற்றி மூன்றாண்டுக்குள் கடன் பதிவிலிருந்து அகன்றுவிடும். இதைச் செய்யும் அதிகாரம் கூட்டாட்சி அரசின் உரிமம் பெற்ற ட்ரஸ்டிக்கு மட்டுமே உண்டு. முதல் சந்திப்புக்கு அவர்கள் பொதுவாகக் காசு வாங்குவதில்லை. இடையில் நின்று, உங்களை அவரிடம் கூட்டிப்போவதற்கே ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

இதில் நம்மவரைத் தடுப்பது ஒன்று உண்டு. உறவினரிடம் வாங்கிய கடனையும் அந்தப் பட்டியலில் காட்ட வேண்டும். மச்சானையும் வங்கியையும் சட்டம் ஒரே வரிசையில் வைக்கும். அது வலிக்கும், தெரியும். எல்லாம் முடிந்த பிறகு மனமொப்பி அவருக்குக் கொடுப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை.

வீட்டை விற்பது பற்றியும் சொல்ல வேண்டும். இது கேட்க விரும்பாத பேச்சு. சம்பளத்தால் கட்ட முடியாத வீட்டைக் காப்பாற்ற முதலில் லைன் ஒஃப் கிரெடிட், பிறகு கார்ட், பிறகு தனியார் கடன்காரரிடம் பன்னிரண்டு வீதத்தில் இரண்டாவது ஈடு, ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கக் கட்டணம் என்று போகிறவர்களைப் பார்க்கிறேன். ஒன்ராறியோவில் பதினைந்து நாள் தவணை தவறினாலே விற்பனை அறிவித்தல் வரலாம். அதன்பின் மீட்பதற்கு 35 நாள். அப்படிப் போகிற வீட்டில் கடனும் வட்டியும் சட்டத்தரணி செலவும் போக மிஞ்சுவதே நம் கைக்கு வரும். பதினெட்டு மாதம் முந்தி, நம் விருப்பத்தில், பூந்தோட்டம் பச்சையாக இருக்கும் மே மாதத்தில் விற்றிருந்தால் இன்னொரு சிறிய வீட்டுக்கு முற்பணம் மிஞ்சியிருக்கும். ஊரில் போரில் வீடு இழந்தவர்கள் நாம். வீட்டை விடுவது நமக்கு வெறும் விற்பனை அல்ல. அதனாலேயே தாமதிக்கிறோம், அதனாலேயே எல்லாவற்றையும் இழக்கிறோம்.

சாமத்திய வீடும் பிறந்தநாள் மண்டபமும்தான் கடனுக்குக் காரணம் என்று சொல்வது பலருக்குப் பிடித்த பேச்சு. நான் பார்த்த தாள்களில் அது முதலிடத்தில் இல்லை. முதலிடத்தில் இருப்பது வீடு, அடுத்தது வாகனமும் அதன் காப்புறுதியும். பீல் பகுதியில் வாகனக் காப்புறுதி விலை மாகாணத்திலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. கொண்டாட்டம் சேமித்த காசில் நடக்கட்டும், கார்ட்டில் நடக்க வேண்டாம் என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அந்தத் தம்பதி அன்றிரவே மச்சான் வீட்டுக்கு அழைத்தார்கள். மனைவிதான் பேசினார்: "அண்ணை, பத்து மாசம் பொறுங்கோ, அதுக்குப் பிறகு மாசம் ஆயிரத்து இருநூறாத் தாறம்." மச்சானுக்கு மனம் கோணியது. அவருக்கும் ஒரு மோர்ட்கேஜ் இருந்தது. ஆனால் ஒத்துக்கொண்டார். கார்ட் முடிந்தது. எச்.எஸ்.ரிக்குத் தவணை வாங்கினோம். அவர்கள் இன்னும் கஷ்டப்படுகிறார்கள். லொறியின் டீசலும் பிள்ளையின் பல்கலைக்கழகக் கட்டணமும் இருக்கின்றன. தாள் மட்டும் ஒன்றாகிவிட்டது, அது இப்போது இருவர் கையிலும் இருக்கிறது.

2026இல் புதுப்பிக்கப்போகிறவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருப்பீர்கள். தவணை முடிய 21 நாளுக்கு முன்னாவது வங்கி கடிதம் அனுப்பியாக வேண்டும். அதில் இருக்கும் வீதம் வங்கியின் கடைசி விலை அல்ல. நான்கு மாதம் முந்தியே வேறு இடங்களில் கேளுங்கள். முன்பு வங்கி மாறினால், இன்னும் உயர்ந்த வட்டியிலும் கட்ட முடியுமா என்ற கடுஞ்சோதனை மீண்டும் நடக்கும் என்ற பயம் இருந்தது. காப்புறுதி இல்லாத கடனை அதே தொகைக்கு, அதே தவணைக் காலத்துக்கு மாற்றுகிறவர்களுக்கு அந்தக் கடுஞ்சோதனை தேவையில்லை என்று 2024 நவம்பரில் விதி தளர்ந்துவிட்டது. இதை உங்களுக்குச் சொல்ல வங்கிக்கு அவசரம் இராது.

ஊர்ச் சங்கங்களின், பழைய மாணவர் சங்கங்களின் நிர்வாகிகள் முன்வரிசையில் இருக்கிறீர்கள். ஊரில் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தவர்கள் நீங்கள். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கோயில் மண்டபத்திலோ நூலகத்திலோ, கதவுள்ள ஓர் அறை. அதில் ஒரு மேசை, தமிழ் தெரிந்த ஒரு ட்ரஸ்டி, இலாபநோக்கற்ற கடன் ஆலோசனை அமைப்பிலிருந்து ஒருவர், வரி தெரிந்த ஒருவர். வருகிறவரின் பெயரை வாசலில் யாரும் எழுதக் கூடாது. வரிக்காரராக முதல் ஆண்டு முழுவதும் நான் வந்து இருக்கிறேன். தாளும் பேனாவும் நானே கொண்டு வருகிறேன். அறையை மட்டும் நீங்கள் எடுத்துத் தாருங்கள்.